விரட்டிப் பிடித்த பிறகு என்ன? – பிள்ளைகள் கையிலிருக்கும் போலீஸ் விளையாட்டு

"ஹஜ்ரத், பையன் எந்நேரமும் போலீஸ் – ரவுடி கேமிலேயே கிடக்கிறான். இது கூடுமா, கூடாதா?"

ஜும்ஆ முடிந்ததும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து களைத்து வரும் தந்தையும் கேட்கிறார். வளைகுடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் தந்தையும் கேட்கிறார். "எந்த கேம்? அதில் என்ன நடக்கிறது?" என்று நாம் திருப்பிக் கேட்டால், "ஏதோ சுடுற கேம்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.

ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் அதை அறிந்துகொள்வது கடமை. இந்த வகை விளையாட்டுக்குச் சரியான உதாரணமாக ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவைத்துக்கொண்டு, நம் பிள்ளைகள் அதில் என்ன பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் விடுகிறார்கள் என்று கவனிப்போம்.

விளையாட்டு எப்படிப்பட்டது?

அதன் பெயர் 'பர்சூட் ஃபோர்ஸ்'. சோனி நிறுவனத்தின் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்காக, இங்கிலாந்தின் பிக்பிக் ஸ்டுடியோஸ் உருவாக்கியது. ஐரோப்பாவில் 2005 இறுதியிலும், அமெரிக்காவில் 2006-லும் வெளிவந்தது. 'எக்ஸ்ட்ரீம் ஜஸ்டிஸ்' என்ற பெயரில் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. 'உச்சகட்ட நீதி' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். இந்த 'நீதி' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாடுபவர் ஒரு போலீஸ் அதிகாரி. ஐந்து குற்றக் கும்பல்கள் நகரத்தை ஆட்டிப்படைக்கின்றன. அவர்களைக் காரில், மோட்டார் சைக்கிளில், படகில் விரட்ட வேண்டும். ஓடும் காரிலிருந்து எதிரியின் கார் மீது தாவி, அதன் கூரையைப் பற்றிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைச் சுட்டு வீழ்த்தி, அதே காரைத் தன் வசமாக்கி அடுத்த காரை விரட்டுவதுதான் இதன் தனித்தன்மை. நேரக் கெடுவும் உண்டு. தோற்றால் அந்தக் கட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டும். மிகக் கடினமான விளையாட்டு என்று பெயர் வாங்கியது. ஒருமுறை கையில் எடுத்த பிள்ளை லேசில் கீழே வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்ற சொல் முடிவதே இல்லை.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு இதை 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானது என்று வகைப்படுத்தியிருக்கிறது. நம் வீடுகளில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் கையிலும் இந்த வகை விளையாட்டுகள் இருக்கின்றன.

பழைய கருவி, புதிய வழி

பிஎஸ்பி கருவி 2004 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமானது. 2014-ல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. சபுராளிகள் பயணப் பெட்டியில் கொண்டுவந்த கருவிகள் சில வீடுகளில் இன்றும் அலமாரியில் இருக்கலாம். ஆனால் விளையாட்டு கருவியோடு முடிந்துவிடவில்லை. செல்போனையே பிஎஸ்பி போல இயங்கச் செய்யும் எமுலேட்டர் செயலிகள் வந்துவிட்டன. 2012 முதல் புழக்கத்தில் இருக்கும் பிபிஎஸ்எஸ்பிபி அவற்றில் பிரபலமானது. இதன் வழியாக இருபது ஆண்டுப் பழைய விளையாட்டு, இன்றைய சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஓடுகிறது.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எமுலேட்டர் செயலியை வைத்திருப்பது தவறல்ல. ஆனால் காசு கொடுத்து வாங்காத விளையாட்டின் நகலை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிக்கொள்வது 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகும். மார்க்க அறிஞர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, படைப்பின் மீதும் கண்டுபிடிப்பின் மீதும் ஒருவருக்கு உள்ள உரிமை மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறக் கூடாது என்று முடிவெடுத்தது. அடுத்தவர் உழைப்பை அனுமதியின்றி எடுத்துவைத்துக்கொண்டு, அதில் திருடனைப் பிடிக்கும் போலீஸாக விளையாடுவது முரண் அல்லவா? பிள்ளையிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வான்.

இந்த விளையாட்டுக்குச் சாதகமான ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதைத் தனியாக, இணையம் இல்லாமல் விளையாடலாம். முகம் தெரியாதவர்கள் பேச வழியில்லை. துப்பாக்கிக்கு உறை வாங்கு, உடை வாங்கு என்று நடுவில் பணம் கேட்பதில்லை. கதைக்கு ஒரு முடிவும் உண்டு. இன்றைய இணைய விளையாட்டுகள் பலவற்றில் இந்த நான்கும் தலைகீழ். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2-லும், ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும்தான். பிள்ளைகளின் நலன் அல்ல. வேறு பெயர்களில் அதே வகை விளையாட்டுகள் தொடர்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது. அது சூதாட்டம் பற்றியது. மார்க்கத்தில் அதற்கு இரண்டு கருத்து இல்லை. பர்சூட் ஃபோர்ஸ் அந்த வகையில் சேராது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி "கேம் ஹராம்" என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் கவலைப்பட இதில் என்ன இருக்கிறது?

நிரம்பும் 'நீதி'

இந்த விளையாட்டின் திரையில் ஓர் அளவுகோல் இருக்கும். அதன் பெயர் 'ஜஸ்டிஸ் மீட்டர்', அதாவது நீதி அளவுகோல். கும்பல் ஆட்களை வீழ்த்த வீழ்த்த அது நிரம்பும். நிரம்பிவிட்டால் அதிகாரிக்குப் பரிசு: குறைந்த உயிர்பலம் திரும்பக் கிடைக்கும், வண்டியிலிருந்து தாவும்போது காலம் மெதுவாகி, நிதானமாகக் குறிபார்த்துச் சுடலாம்.

சுட்டால் நீதி நிரம்புகிறது. நிரம்பினால் இன்னும் நன்றாகச் சுடலாம். நம் கவலை துப்பாக்கிச் சத்தத்தை விட இந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

நிஜ வாழ்வில் நீதி, விரட்டல் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. ஏன் கைது செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தடுக்கக் கூடாது. கைதின்போது போலீஸ் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்றெல்லாம் 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது.

போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 2014-ல் பியூசிஎல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளைத் தந்தது. வழக்குப் பதிவு செய்ய வேண்டும். சம்பந்தப்பட்ட போலீஸார் அல்லாமல் சிஐடியோ வேறு காவல் நிலையக் குழுவோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடக்க வேண்டும். அவற்றில் ஒன்று நம் பேச்சுக்கு மிகவும் பொருந்தும்: சம்பவம் நடந்த கையோடு அந்த அதிகாரிகளுக்கு முறை தாண்டிய பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது. விளையாட்டில் சுட்டவுடன் பரிசு. உச்ச நீதிமன்றமோ, சுட்டவுடன் பரிசு கூடாது என்கிறது. பரிசு ஆசை துப்பாக்கியை இயக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது நீதிபதிகளுக்குத் தெரியும்.

ஹைதராபாத்தில் தூவிய பூக்கள்

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டோம். கால்நடை மருத்துவரான ஒரு பெண் கொடூரமாகக் கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்ட நால்வர், விடியற்காலையில் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். மக்கள் திரண்டு வந்து போலீஸ் மீது பூத்தூவினார்கள். நாடு முழுவதும் இனிப்பு வழங்கியவர்களும் உண்டு.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்பூர்கர் ஆணையம் விசாரித்து 2022-ல் அறிக்கை தந்தது. போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்றது ஆணையம். பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. இறந்த நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பயங்கரமானது, அதில் ஐயமில்லை. ஆனால் அதைச் செய்தது இந்த நால்வர்தானா, ஒவ்வொருவரின் பங்கு என்ன என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் வாய்ப்பு அந்த விடியற்காலையோடு போய்விட்டது. உண்மை முழுவதும் வெளிவருவது கொல்லப்பட்டவளின் குடும்பத்துக்கும் சேர வேண்டிய உரிமை அல்லவா?

நம் மாநிலத்தையே பார்ப்போம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்தும் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அவர்கள் எந்தக் கும்பலையும் சேர்ந்தவர்கள் அல்லர், கடைக்காரர்கள். 'போலீஸ் அடித்தால் அவன் குற்றவாளியாகத்தான் இருப்பான்' என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டால், நாளை அந்த அடி யார் வீட்டுக் கதவையும் தட்டும். விசாரணைக்கு முன்பே குற்றவாளி ஆக்கப்படுவதன் வலியை நம் சமுதாயமும் அறியும்.

உண்மையான வேட்டை எப்படி நடந்தது?

இதனால் போலீஸ் எல்லாம் மோசம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அதுவும் அநீதி. தமிழகப் போலீஸ் ஒரு கும்பலை உண்மையில் விரட்டிய கதை நமக்கு முன் இருக்கிறது. நெடுஞ்சாலையோர வீடுகளுக்குள் இரவில் புகுந்து, தாக்கி, கொன்று, கொள்ளையடித்த வடமாநிலக் கும்பல் ஒன்று தமிழகத்தை நடுங்க வைத்தது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் அவர்களால் கொல்லப்பட்டார். அன்றைய ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைந்தது. 2017-ல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' திரைப்படத்துக்கு இந்த வேட்டைதான் அடிப்படை.

திரைப்படத்தில் சண்டைகள் நினைவில் நிற்கும். நிஜத்தில் வழக்கைத் திறந்த சாவி, சம்பவ இடங்களில் பதிவான கைரேகை. மொழி தெரியாத மாநிலங்களில் மாதக்கணக்கில் அலைந்து, ஆவணங்களைப் புரட்டி, ரேகைகளை ஒப்பிட்டு, பொறுமையாகச் செய்த வேலை அது. கும்பல் பிடிபட்டதும் வழக்கு முடிந்துவிடவில்லை; சாட்சியமும் விசாரணையுமாக நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கார் கூரையில் தாவுவது அல்ல, இதுதான் போலீஸ் வேலை. போலீஸ் ஆக ஆசைப்படும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கும்பலுக்கு யார் முகம்?

அந்த வேட்டைக்கு வைத்த பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 'ஆபரேஷன் பவாரியா' என்றார்கள். பவாரியா என்பது ஒரு சமூகத்தின் பெயர். கொலைகாரர்கள் சிலர், பெயர் விழுந்ததோ ஒரு சமூகத்தின் மீது. ஆங்கிலேயர் 1871-ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இதைத்தான் செய்தது. பிறப்பினாலேயே குற்றவாளி என்று சமூகங்களை முத்திரை குத்தியது. தமிழகத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் 1920-ல் அதை எதிர்த்துத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-ல்தான் அச்சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். ஐந்து கும்பல்களில் 'கப்பெல்லி' என்பது இத்தாலியப் பெயர் தாங்கிய மாஃபியா குடும்பம். 'கில்லர் 66' கிழக்காசிய முகங்கள் கொண்ட கும்பல். 'விக்ஸன்ஸ்' பெண்கள் கும்பல். அவர்களைக் கவர்ச்சியாகக் காட்டியிருக்கும் விதம் நம் வீடுகளுக்கு உகந்ததல்ல. மற்ற இரண்டும் முன்னாள் ராணுவத்தினர், தப்பியோடிய கைதிகள். முகத்தையும் பெயரையும் பார்த்தவுடன் 'இவன் கெட்டவன்' என்று பிள்ளை புரிந்துகொண்டு சுட வேண்டும். யோசிக்க நேரமில்லை.

தாடியும் தொப்பியும் வைத்தவனை வெடிகுண்டுக்காரனாகக் காட்டும் திரைப்படங்களைக் கண்டு நாம் கொதிக்கிறோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இத்தாலியப் பெயர் என்றால் மாஃபியா, சீன முகம் என்றால் ரவுடி என்று காட்டும்போது நம் பிள்ளை சிரித்துக்கொண்டே சுடுகிறான், நாமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்புகூட நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8-வது வசனம் தரும் போதனை. நமக்குக் கேட்கும் நீதியை மற்றவருக்கும் கேட்கப் பிள்ளைகள் பழக வேண்டும்.

சாலை விளையாட்டுத் திடல் அல்ல

இன்னொரு விஷயம் விருத்தாசலம், மங்கலம்பேட்டை, நெய்வேலி வட்டாரப் பெற்றோருக்கு மிக அருகில் இருப்பது. விளையாட்டில் கார் மோதினால் அடுத்த காரில் தாவிக்கொள்ளலாம். நம் சாலைகளில் லாரியும் பேருந்தும் பள்ளி சைக்கிளும் ஒன்றாகப் போகின்றன. இங்கே மீண்டும் தொடங்கும் பொத்தான் இல்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் "கடைக்குப் போய் வா" என்று வண்டிச் சாவியைக் கொடுப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ பொறுப்பு. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளை 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற முடியாது. செல்போனைப் பிடுங்குவதை விட வண்டிச் சாவியை ஒளித்துவைப்பது முக்கியம்.

விளையாட்டு பிள்ளையைக் கெடுத்துவிடுமா?

"இதை விளையாடினால் பிள்ளை ரவுடி ஆகிவிடுவானா?" என்று பயப்படுவோர் உண்டு. மிகைப்படுத்த வேண்டாம். வன்முறை விளையாட்டுதான் நிஜ வன்முறைக்குக் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தெளிவுபடுத்தியது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு இருக்கிறது என்றும் அதே சங்கம் சொல்கிறது.

அடிமைத்தனம் வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதைச் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கு முதலிடம், கெடுதல் வந்தும் விட முடியாமை – இம்மூன்றும் பொதுவாக ஓராண்டு அளவுக்கு நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விடுமுறையில் இரண்டு மணி நேரம் விளையாடுவதற்கு நோய் என்று பெயர் வைக்கத் தேவையில்லை. தூக்கம், தொழுகை, படிப்பு, சாப்பாடு நான்கும் குலைகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், ஒருமுறை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விளையாடுவதை முழுவதும் பாருங்கள். "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். திட்டுவதற்காக உட்காராதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் தந்தை வீடியோ அழைப்பில் இதைச் செய்யலாம். தாயும் செய்யலாம், செல்போனைப் பற்றித் தாய்க்குத் தெரியாது என்று பிள்ளை நினைக்கும் வீட்டில்தான் எல்லாம் மறைவில் நடக்கிறது.

இரண்டாவது, வயதைப் பாருங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் 3+, 7+, 12+, 16+, 18+ என்று போட்டிருக்கும். சிறு பிள்ளைக்கு 16+ விளையாட்டு வேண்டாம். எமுலேட்டர் வழியாக வருவதற்கு அந்த முத்திரைகூட இருக்காது. அங்கே நீங்கள்தான் முத்திரை.

மூன்றாவது, நேரத்தைத் தொழுகையோடு கட்டுங்கள். "அரை மணி நேரம்" என்பதை விட "அஸருக்குப் பிறகு மக்ரிப் பாங்கு வரை" என்பது பிள்ளைக்குத் தெளிவாகப் புரியும். பாங்கு சொன்னால் கட்டம் பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தத் தெரிந்த பிள்ளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

நான்காவதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். கட்டம் முடிந்ததும் பிள்ளையிடம் கேளுங்கள்: "பிடித்துவிட்டாய். இனி என்ன நடக்க வேண்டும்? அவன்தான் செய்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்? உன் பக்கம் தவறு இருந்தால் யார் கேட்பது?" பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையை மதரஸாவில் அவன் படித்திருப்பான். அது விளையாட்டுக்கும், வாட்ஸ்அப்புக்கும், தெருச் சண்டைக்கும் பொருந்தும் என்பதை வீட்டில்தான் கற்றுக்கொள்வான்.

கூடுமா, கூடாதா என்ற கேள்விக்கு நம் பதில் இதுதான். சூது இல்லாமல், ஆபாசம் இல்லாமல், பிறர் உரிமையைப் பறிக்காமல், கடமைகளைத் தவறவிடாமல், வயதுக்கேற்ற விளையாட்டாக இருந்தால் அளவோடு பொழுதுபோக்குவதைத் தடுக்க வேண்டியதில்லை. இந்த நிபந்தனைகளோடு வைத்துப் பார்த்தால், விக்ஸன்ஸ் வரும் கட்டங்கள் உள்ள இந்தக் குறிப்பிட்ட விளையாட்டைச் சிறுவர்களுக்கு நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் வளர்ந்த பிள்ளையிடமிருந்து பிடுங்கி உடைக்கவும் சொல்ல மாட்டோம். பிடுங்கினால் நண்பன் போனில் விளையாடுவான், நம்மோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிடுவான்.

பீங்கான் ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: பச்சை மண்ணாக இருக்கும்போதுதான் வடிவத்தைத் திருத்த முடியும், சூளையில் வெந்த பிறகு முடியாது. பத்து, பன்னிரண்டு வயதில் 'குற்றம் சாட்டப்பட்டவன்' என்பதற்கும் 'குற்றவாளி' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பிள்ளை, நாளை காக்கிச் சட்டை அணிந்தாலும், கறுப்பு அங்கி அணிந்தாலும், வெறும் சாட்சியாகக் கூண்டில் ஏறினாலும் நீதியின் பக்கம் நிற்பான், இன்ஷா அல்லாஹ்.